என் நேர்முகத்துக்கு நானே நேரம் குறித்தேன்

கிடைக்காத வேலைக்காக வைரவருக்கு வடைமாலை சாத்தியவன் நான். நேர்த்தி வைத்து வேலை கேட்டிருந்தாலாவது மன்னிக்கலாம். நான் கேட்கவில்லை, நன்றி சொன்னேன். அப்போது நேர்முகமே நடந்திருக்கவில்லை. மாலையை வாங்கிய ஐயர், "என்ன விசேஷம்?" என்றார். "வேலை கிடைச்சிருக்கு ஐயா" என்றேன். கடவுள் உண்டா இல்லையா என்று இளமையில் தடித்த தடித்த புத்தகங்களாகப் படித்து, இல்லை என்ற முடிவோடு ஒரு சஞ்சிகையில் கட்டுரையும் எழுதியவன், அதே கடவுளின் முன்னால் நின்று பொய் சொன்னேன். இல்லாதவரிடம் சொன்ன பொய் கணக்கில் வராது என்று ஏதோ ஒரு தைரியம்.

பிறகு மாலையிலிருந்த வடைகளைக் கழற்றி, ஒழுங்கையிலுள்ள வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். அதுதான் பெரிய பிழை. சொன்ன சொல்லை நாளைக்கு வேறு மாதிரிச் சொல்லிக்கொள்ளலாம். ஊர் தின்ற வடையை என்ன செய்வது?

அந்த வேலை எனக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். போருக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்த தொண்டு நிறுவனமொன்றில் வெகுகாலம் வேலை செய்தேன். வெளிநாட்டுக்காரருக்கு எங்களுடையதைவிடப் புதிய துயரங்கள் கிடைத்தபோது அவர்கள் திட்டத்தை மூடி, வாகனங்களை ஏலத்தில் விற்று, எங்களுக்கு ஒரு மதியச் சாப்பாடும் தந்து விடைபெற்றார்கள். மனைவி ஆசிரியை. அவள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது படலையைத் திறந்துவிடுவது என் உத்தியோகமாயிற்று. திறந்ததும் முன்வீட்டுக்காரர் தன் படலையடியில் நிற்பார். ஓய்வுபெற்ற மனிதர்.

"என்ன, இண்டைக்கு லீவோ?"

"ஓம், லீவு."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். ஒரு வருடத்துக்கு மேலாக லீவில் நிற்கும் ஆளை இந்த நாட்டின் எந்தத் திணைக்களமும் வைத்திருக்காது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார். குணத்தில் கெட்டவரல்ல. காலையில் ஒருவரைக் கண்டால் ஏதாவது கேட்க வேண்டுமல்லவா? எனக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு வசனம். "இல்லை அண்ணை, வேலைக்குப் போறன்." அதைச் சொல்லிக்கொண்டு அவரைத் தாண்டி ஒரு தரம் மோட்டார் சைக்கிளில் போய்விட்டால் போதும் என்றிருந்தது.

அந்த வசனத்தை எனக்குத் தருவதாகத்தான் அவன் வந்தான்.

அவன் என் கீழ் வேலை செய்தவன். முதன்முதலில் வந்தபோது ஓர் அறிக்கையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியாமல் முழித்தவன். நான்தான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டிருந்து சொல்லிக்கொடுத்தேன். திட்டம் மூடப்படும் நேரத்தில், அவனைப்போல் ஒருவன் கிடைக்கமாட்டான் என்று பரிந்துரையும் எழுதிக் கொடுத்தேன். இப்போது யோசித்தால் அந்தப் பரிந்துரையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கொழும்புக் கொம்பனி ஒன்று யாழ்ப்பாணத்தில் கிளை திறந்தபோது அவன் அதற்கு மனேச்சர் ஆகிவிட்டான். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளுக்கு இங்கிருந்தே பதில் சொல்லும் கொம்பனி. நிறையப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கப்போகிறார்கள். அப்படி எடுப்பதை ஒழுங்குபண்ண ஓர் ஆள் வேண்டும். விண்ணப்பித்தவர்களுக்கு அழைப்பெடுத்து, நாள் நேரம் குறித்து, வந்தவர்களை இருத்தி, தண்ணீர் கொடுத்து, உள்ளே அனுப்பி, கடைசியில் ஓம் அல்லது இல்லை என்று சொல்பவர். ஆட்சேர்ப்பு இணைப்பாளர் என்று பெயர்.

"அண்ணை, உது உங்களுக்கெண்டே செய்த வேலை" என்றான், எங்கள் முன் விறாந்தையில் உட்கார்ந்து மனைவி சுட்ட பருத்தித்துறை வடையைக் கடித்துக்கொண்டு. "நேர்முகம் சும்மா ஒரு சம்பிரதாயம். கொழும்புக்குக் காட்ட வேணுமெல்லோ, நாலு பேரைக் கூப்பிட்டுப் பாத்தம் எண்டு."

அன்று எனக்கு நாக்கில் சனி. வேலை கிடைத்துவிட்ட மனிதனுக்கு வரும் ஒரு தாராளம் இருக்கிறது, தன்னையே பகிடி பண்ணும் தாராளம். எனக்கு அது பிறவியிலேயே கொஞ்சம் உண்டு.

"தம்பி, ஒண்டு சொல்லிப்போடுறன். ஈமெயில் வந்தால் நான் உடனை திறக்கிறேல்லை. இரண்டாந்தரம் ஞாபகப்படுத்தினால்தான் அது உண்மையான அவசரம். முதல் தரம் அனுப்பிறது சும்மா பொழுதுபோகாமல்."

அவன் சிரித்தான். நான் இன்னும் கொடுத்தேன்.

"என்னைவிட வயது குறைஞ்ச ஆக்கள் வேலை சொன்னால் எனக்கு ஒரு காது கேக்காது."

"கூடின ஆக்கள் சொன்னால் மற்றக் காதும் கேக்காது" என்றாள் மனைவி குசினியிலிருந்து.

அவன் வடையைக் கோப்பையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். "அண்ணை, உங்களோடை வேலை செய்த காலத்தை மறக்கேலாது." ஒருவன் நம் பகிடிக்கு அவ்வளவு சிரித்தால் அவனுக்கு நாம் எதையும் கொடுத்துவிடுவோம். அவன் கேட்டது கொஞ்சம்தான்.

"ஒரு சின்ன உதவி அண்ணை. மற்ற மூண்டு பேருக்கும் நீங்களே போன் எடுத்து நேரம் குறிச்சுத் தாங்கோவன். எங்களிட்டை அதுக்கு ஆள் இல்லை. அந்த ஆள்தானே நீங்கள்."

அவன் போனபின் மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டு கேட்டாள்: "இஞ்சாருங்கோ, உவன் உங்களுக்கு வேலை தந்தவனோ, இல்லை உங்களிட்டை வேலை வாங்கினவனோ?"

"உமக்கு எல்லாத்திலையும் சந்தேகம்" என்றேன். அந்த வாரம்தான் வடைமாலை.

அவன் வந்துபோன மறுநாள் காலையே கொப்பியும் கையுமாக உட்கார்ந்து அழைப்பெடுத்தேன். நேர்முகம் வெள்ளிக்கிழமை. முதலில் கோப்பாயில் ஒருவர், முப்பது வயதிருக்கும். அழைப்பை எடுத்தபோது பின்னால் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் சத்தம்.

"அண்ணை, பொறுங்கோ, மிசினை நிப்பாட்டிப்போட்டு வாறன்." நிறுத்திவிட்டு வந்து, மூச்சு வாங்கக் கேட்டார்: "ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதையுங்கோ. உள்ளுக்கை ஏற்கெனவே ஆள் வைச்சிருக்கினமோ, இல்லை உண்மையாய்த்தான் எடுக்கினமோ? நான் உப்பிடி எத்தினை நேர்முகத்துக்குப் போயிருப்பன். வெங்காயத்துக்குத் தண்ணி விடாமல் வெளிக்கிட்டுப் போனால், அங்கை பெரியவற்றை மருமோன் சேட்டு மடிப்புக் குலையாமல் இருப்பான்."

உள்ளே வைத்திருக்கும் ஆள் சொன்னான்: "சே, அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி. வாரும்."

"அப்ப வெள்ளணத் தண்ணியை விட்டுப்போட்டு வாறன். காலமைக்குள்ளை போடுங்கோ."

அழைப்பை வைத்தபின் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்திலும் ஒரு சுகம் இருந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் வாய்க்கிற வெட்கம் அது.

அடுத்தது இணுவிலில் ஒரு பெண். அவள் "ஹலோ" சொல்வதற்குள் தாயார் போனை வாங்கிவிட்டார். "தம்பி, வெள்ளிக்கிழமை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையிலை ராகு காலம். அந்த நேரத்திலை எண்டால் பிள்ளையை நான் அனுப்பமாட்டன், முதலே சொல்லிப்போட்டன்." சரி அம்மா, பத்தரைக்கு முதலே போடுகிறேன் என்றேன். கோப்பாய்க்காரரும் இணுவில் பெண்ணுமாக ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையில் நெருக்கிப்பிடித்து உட்கார்த்தியாயிற்று.

மூன்றாவது தெல்லிப்பழைப் பெண். இதமான, நிதானமான குரல். பத்தரைக்கு வரமுடியுமா என்று கேட்டேன்.

"ஓம் ஐயா."

எனக்கு மனம் கேட்கவில்லை. "பிள்ளை, அது ராகு காலம், பிறகு என்னைக் குறைசொல்லக் கூடாது."

"நாங்கள் வேதக்காரர் ஐயா. எங்களுக்கு எல்லா நேரமும் ஒண்டுதான்."

இந்து மனம் எவ்வளவு வசதியானது என்பதை அன்று கண்டேன். ராகு காலம் முழுவதையும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்குத் தாராளமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அது முடிகிற பன்னிரண்டு மணியை எனக்கு வைத்துக்கொண்டேன். பஞ்சாங்கத்தையும் ஒரு தரம் பார்த்தேன். நம்பியல்ல. பஞ்சாங்கம் மேசையில் கிடந்தது, பார்த்தேன், அவ்வளவுதான். அப்படித்தான் மனைவியிடமும் சொன்னேன். அவள் என் நீலச் சேட்டுக்கு ஸ்திரிக்கைப் பெட்டி போட்டுக்கொண்டே, "ஓமோம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை படலையைத் திறந்தபோது முன்வீட்டுக்காரர் "லீவோ" என்று கேட்கவில்லை. வடை வேலை செய்திருந்தது. "என்ன, இண்டைக்குத் துவக்கமோ?" என்றார். "ஓம் அண்ணை" என்று தலையை ஆட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தேன். ஆசைப்பட்ட வசனத்தின் பாதி அது. மற்றப் பாதி பின்னேரம் கிடைத்துவிடும் என்று இருந்தேன்.

வாடகைக்கு எடுத்த ஒரு மேல்மாடி வீடுதான் அலுவலகம். புதுப் பெயின்ட் மணம். சுவரில் ஏறினால் பல்லியின் காலும் ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது. என் நேரம் பன்னிரண்டு. நான் எட்டரைக்கே போய்விட்டேன். வந்தவர்களை வரவேற்க ஆள் வேண்டுமே. கதிரைகளை வரிசையாகப் போட்டேன். தண்ணீர்ப் போத்தல் வைத்தேன். கோப்பாய்க்காரர் தலைமயிர் ஈரமாக வந்து நின்று "குட்மோர்னிங் சேர்" என்றார். நான் சேர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "இரும் தம்பி, பயப்பிட ஒண்டும் இல்லை" என்று மட்டும் சொன்னேன். மனேச்சராகிவிட்ட நண்பன் உள்ளேயிருந்து வந்து என் தோளில் தட்டினான். "அண்ணை, நீங்கள் நிக்கிறபடியால் எனக்கு ஒரு சோலியும் இல்லை." எல்லோர் முன்னிலும் சொன்னான். நான் கொஞ்சம் உயரமானது போலிருந்தது.

கோப்பாய்க்காரரும் இணுவில் பெண்ணும் உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்தார்கள். நெருக்கிப் போட்ட நேரம் அல்லவா. தெல்லிப்பழைப் பெண் நேரத்துக்கு முன்னரே வந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பாவமாக இருந்தது. ராகு காலத்தில் வேறு தள்ளிவிட்டேன். பரிகாரமாக, நண்பன் என்னிடம் முன்கூட்டிச் சொல்லியிருந்த ஒரு கேள்வியை அவளுக்குக் கசியவிட்டேன்.

"பிள்ளை, இரண்டு பேருக்குத் தவறுதலாய் ஒரே நேரத்தைக் குடுத்திட்டால் என்ன செய்வீர் எண்டு கேப்பினம்."

"என்ன சொல்லவேணும் ஐயா?"

"இரண்டு பேரையும் இருத்தி, தேத்தண்ணி குடுத்து, எந்த ஊர், ஆரின்ரை ஆள் எண்டு கதையைக் குடுத்தால் அரை மணித்தியாலம் போறது தெரியாது. சமாளிக்கலாம் எண்டு சொல்லும். அனுபவத்திலை சொல்லுறன்."

அவள் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுத்த ஆள் பன்னிரண்டுக்குத்தானே, ராகு காலம் முழுக்க அவளுடையது. உள்ளே தேநீர் போயிற்று. ஒரு தரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. நல்லது, பிள்ளை சந்தோசமாகப் போகட்டும் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "வடிவாக் கதைச்சினம் ஐயா" என்றாள்.

பன்னிரண்டுக்கு நான் போனேன். உள்ளே நண்பன். மேசையில் கணினித் திரை. திரையில் கொழும்பிலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி. அவரின் மதியச் சாப்பாட்டுப் பார்சல் வந்திருந்தது. திரையின் ஓரத்தில் அதன் ஒரு மூலை தெரிந்தது. அவர் கண் அடிக்கடி அங்கே போய் வந்தது. இந்த நல்ல நேரத்தைத் தேடி எடுத்தவன் நான்தான்.

"மிஸ்டர்" என்று என் பெயரைச் சொன்னான் நண்பன். ஆங்கிலத்தில். எத்தனையோ வருடப் பழக்கத்தில் அவன் வாயிலிருந்து என் பெயரை அன்றுதான் கேட்டேன். அண்ணை எங்கோ வெளியே கதிரையில் இருந்துவிட்டார் போலும்.

"இரண்டாம் முறை நினைவூட்டும்வரை மின்னஞ்சல்களைத் திறப்பதில்லை என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பதவிக்கு அது எப்படிப் பொருந்தும்?"

நான் சிரித்தேன். அவனும் சிரிப்பான் என்று முகத்தைப் பார்த்தேன். அவன் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படியா?" என்றார் திரையிலிருந்தவர்.

"அது ஒரு பகிடி" என்றேன்.

"வயதில் குறைந்தவர்கள் வேலை சொன்னால் காது கேட்காது என்றும் சொல்லியிருக்கிறீர்கள்."

"அதுவும்."

திரையிலிருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார். "எந்தப் பகுதி பகிடி?"

நான் வாயைத் திறக்கத் திரை உறைந்துவிட்டது. அவர் பாதி திறந்த வாயோடு அப்படியே நின்றார். அறையில் நாங்கள் இருவரும்தான். அவனும் நானும்.

"என்னடாப்பா உது?" என்றேன் மெதுவாக.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "இணைப்பு வரும்வரை தயவுசெய்து காத்திருங்கள்" என்றான், ஆங்கிலத்தில்.

எத்தனையோ பேர் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். அரசாங்கங்கள் ஏமாற்றியிருக்கின்றன, அது வழக்கமானது, யாரும் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்வதில்லை. இது வேறு மாதிரி இருந்தது. அவன் எங்கள் விறாந்தையில் கண்ணைத் துடைத்துச் சிரித்த சிரிப்பை நான் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு உண்மையா, சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டானா, அல்லது உண்மையாகச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குறித்துக்கொண்டானா? மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். அதுதான் கூடுதலாக நோகிறது. பகிடி என்பது நான் எனக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுக்கிற ஒன்று. வேறு கொடுக்க என்னிடம் அதிகம் கிடையாது.

திங்கட்கிழமை அவன் அழைப்பெடுத்தான். குரலில் அண்ணை திரும்பி வந்திருந்தார்.

"அண்ணை, ஒரு சின்னச் சோலி. அந்தத் தெல்லிப்பழைப் பிள்ளையை எடுத்திருக்கிறம். அவவுக்கு ஒருக்கால் சொல்லிவிடுங்கோ. மற்றாக்களுக்கும் இல்லையெண்டு சொல்லிவிடுங்கோ. நம்பர் உங்களிட்டைத்தானே கிடக்கு."

"மற்றாக்கள் எண்டால்?"

"மற்றாக்கள்தான் அண்ணை."

"எத்தினை பேர்?"

"நான் உங்களுக்காக எவ்வளவோ கதைச்சனான். கொழும்பு ஒத்துக்கொள்ளேல்லை அண்ணை."

போனை எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. பேச்சு என்றால் எனக்குச் சம்பவம் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் வரும். தவிர, அங்கே கோப்பாயில் ஒரு மனிதன் காத்துக்கொண்டிருந்தான். காத்திருப்பது என்னவென்று அந்த நேரத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? அழைப்பெடுத்துச் சொன்னேன்.

"நான் அண்டைக்கே கேட்டனான் அண்ணை, உள்ளுக்கை ஆள் வைச்சிருக்கினமோ எண்டு" என்றார் கோப்பாய்க்காரர்.

"வைச்சிருந்தவைதான் தம்பி. அவனுக்கும் கிடைக்கேல்லை."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அவனுக்கு நல்லாய் வேணும்!"

அவர் சிரித்த சிரிப்பில் மட்டும் ஒரு கள்ளமும் இல்லை.

இணுவிலுக்கும் இல்லையென்று சொன்னேன். தெல்லிப்பழைப் பெண்ணுக்குச் சொன்னபோது அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். "உங்களோடை சேந்து வேலை செய்யச் சந்தோசம் ஐயா" என்றாள். "எனக்கும்" என்றுவிட்டு வைத்தேன்.

ஒழுங்கையைச் சமாளித்தது மனைவி. "அவர் வீட்டிலை இருந்து செய்யிற வேலை" என்று சொல்லிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லிக்காட்டவில்லை. அது தண்டனையா கருணையா என்று தெரியவில்லை. முன்வீட்டுக்காரர் ஒருநாள் மட்டும், "வீட்டிலை இருந்தெண்டால் நல்லது, லீவு எடுக்கத் தேவையில்லை" என்றார்.

அடுத்த மாதம் தெல்லிப்பழைப் பெண் அழைப்பெடுத்தாள். இப்போது குரலில் ஓர் அலுவலக ஒழுங்கு வந்திருந்தது.

"ஐயா, கோபிக்கக் கூடாது. அண்டைக்கு நேர்முகத்துக்கு வந்த ஆக்களிலை உங்களுக்கு மட்டும் ஒருத்தரும் முடிவு சொல்லேல்லையாம். எடுத்துச் சொல்லச் சொல்லி சேர் சொன்னவர்." கொஞ்சம் தயங்கினாள். "நீங்கள் தெரிவுசெய்யப்படேல்லை ஐயா. நீங்களும் நேர்முகத்துக்கு வந்தனீங்கள் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். நான் உங்களை அங்கத்தைய பெரிய ஆள் எண்டெல்லோ நினைச்சன்."

"பரவாயில்லைப் பிள்ளை. நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

அவள் சிரிக்கவில்லை. என்னை ஆற்ற வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, தொடர்ந்து சொன்னாள்: "அண்டைக்கு நான் உள்ளுக்கை இருக்கேக்கை கொழும்பு மிஸ் கேட்டவ, நேரமெல்லாம் இவ்வளவு ஒழுங்காய்ப் போட்டது ஆரெண்டு. சேர் தானெண்டு சொன்னவர். இப்பத்தான் விளங்குது, அது நீங்கள்தான், என்ன?"

அந்த வெள்ளிக்கிழமையில் எனக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஒழுங்கு ஒன்றுதான். அதையும் அவன் அன்றைக்கே எடுத்துக்கொண்டுவிட்டிருந்தான், நான் வெளியே தண்ணீர்ப் போத்தலோடு நின்றபோதே.

எதையாவது என்னுடையது என்று பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. "அது கிடக்கட்டும்" என்றேன். "இரண்டு பேருக்கு ஒரே நேரம் குடுத்தால் எண்ட கேள்வி வந்ததோ? நான் சொல்லித்தந்த பதிலைத்தானே சொன்னீர்?"

"கேள்வி வந்தது ஐயா. பிழை விட்டதை ஒத்துக்கொண்டு, இரண்டு பேரிட்டையும் மன்னிப்புக் கேட்டு, ஒராளுக்கு வேறை நேரம் குடுப்பன் எண்டு சொன்னனான்."

"அப்ப அந்தத் தேத்தண்ணி?"

"அது நீங்கள் என்ரை பயத்தைப் போக்கப் பகிடிக்குச் சொன்னனீங்கள்தானே ஐயா?"